அஞ்சு நிமிஷத்துல வந்துடும்

செத்த குஞ்சுக்கென்று ஒரு நாற்றம் உண்டு. செத்த எலி, அழுகிய மீன், அடைத்துக்கொண்ட சாக்கடை, எதோடும் அதைச் சேர்க்க முடியாது. முட்டை வாடையும் ஈர இறகின் வாடையும் கலந்து, கொஞ்சம் இனிப்பாகக்கூட இருக்கும். அந்த இனிப்புதான் ஆளைக் கொல்லும். மூக்கைப் பொத்திக்கொண்டால் வாய் வழியாக வந்து நாக்கில் உட்காரும். குஞ்சக்கா பாதி ஆயுசைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே கழித்தவள். தட்டுக்கு இரண்டோ மூன்றோ செத்துக் கிடப்பது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. அப்படிப்பட்டவள் அன்று காலையில், மிச்சம் இருந்த தட்டுகளை எடுக்கக் குஞ்சு அறைக்குள் காலை வைத்தவள், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து குடித்த டீயை வாந்தி எடுத்தாள்.

தட்டு கழுவுகிற தட்டுக்காரம்மா வாயில் கட்டியிருந்த துண்டை இறக்கிவிட்டு, அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிம்மா. நீயே இப்படி உக்காந்துட்டா நான் எங்க போறது? ஈ வர ஆரம்பிச்சிடுச்சு பாரு."

"வந்துடுச்சா அதுக்குள்ள?"

"ஈக்கு யாரு போன் பண்ணிச் சொல்லணும்? அதுபாட்டுக்கு வரும்."

குஞ்சக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தட்டுக்காரம்மா வேண்டுமென்றே சொன்னாளா, வாய்க்கு வந்ததைச் சொன்னாளா என்று தெரியவில்லை. அந்த அம்மா தட்டைக் கவிழ்த்துப் பெட்டியில் தட்டிக்கொண்டிருந்தாள். பாதி வெளியே வந்த குஞ்சுகள், கொத்தி ஓட்டை போட்டு அலகை மட்டும் நீட்டியிருந்தவை, முழுசாக வந்து இறகு உலர்ந்து பஞ்சுபோல ஆகியிருந்தவை, எல்லாம் ஒன்றாகக் கொத்தாக விழுந்தன. வெந்திருந்தன. வேறு வார்த்தை இல்லை அதற்கு.

கொல்லையில் குஞ்சக்காவின் புருஷன் குழி வெட்டிக்கொண்டிருந்தார். தெருவில் அவருக்குத் தராசு என்று பெயர். இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று நிறுத்துப் பார்க்காமல் கொட்டாவிகூட விடமாட்டார். அன்றைக்கும் குழிக்குப் பக்கத்தில் நின்று சுண்ணாம்பு ஒரு மூட்டை போதுமா, இரண்டு வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். யோசிக்கும்போதே கையிலிருந்த அவித்த முட்டையைக் கடித்தார். அடைவைத்த சில நாளில் முட்டைகளை விளக்கில் காட்டிப் பார்த்து, கரு பிடிக்காததை ஒதுக்குவார்கள். அந்த வெத்து முட்டைதான் அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாடு. என்றைக்கும் இருக்கிற வழக்கம்தான். ஆனாலும் குழி ஓரத்தில் நின்றுகொண்டு, மஞ்சள் கருத் துணுக்கு மீசையில் ஒட்டியிருக்க, அவர் மென்றதைப் பார்த்ததும் குஞ்சக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படிங்க எறங்குது உங்களுக்கு?"

"தின்னாலும் செத்தது செத்ததுதான், தின்னாட்டியும் செத்தது செத்ததுதான்," என்றார் தராசு.

அது என்ன நடந்தது என்றால், கதவு. ஒரு கதவை மூடி வைத்ததுதான்.

பொரிப்பகத்தில் இரண்டு அறை உண்டு. முட்டை அறை ஒன்று, குஞ்சு அறை ஒன்று. கரண்டு போனால் முட்டை அறைக் கதவைத் திறக்கவே கூடாது, சூடு போய்விடும். குஞ்சு அறை அப்படி இல்லை. கடைசி மூன்று நாள் அங்கே வந்து சேர்கிறவை பெயருக்குத்தான் முட்டை. உள்ளே இருப்பது குஞ்சு. அதற்கே சூடு உண்டு, மூச்சு உண்டு. அடுக்கடுக்காக வைத்த மெஷினில் விசிறி நின்றுபோனால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வேகும். அதனால் திறந்துவிட வேண்டும். ஆனால் திறந்தால் உள்ளே இருக்கிற ஈரம் போய்விடும். ஓட்டைக் கொத்தத் தொடங்கிய குஞ்சின்மேல் உள்சவ்வு காய்ந்து, பசை தடவிய காகிதம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெளியே வர முடியாமல் பாதியிலேயே போய்ச் சேரும். ஆக, கரண்டு சீக்கிரம் வருமென்றால் மூடி வைப்பதுதான் நல்லது. நேரமாகுமென்றால் திறந்துவிடுவதுதான் நல்லது. எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஊரில் யாருக்கும் அது தெரியாது. குஞ்சக்காவுக்குத் தெரியும், ஏனென்றால் அவள் தம்பி சப்ஸ்டேஷனில் வேலை பார்த்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

அந்தத் தெரு மொத்தமும் ஒரே மின்தடம். பொரிப்பகம், மாவு மில், வெல்டிங் பட்டறை, ஐஸ் கம்பெனி எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. தெருவுக்குப் பின்னால், முன்பு பந்து விளையாடிய பொட்டலில், ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் வந்தது. உள்ளே அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள் என்றார்கள். உலகத்தில் யார் எதைக் கேட்டாலும் அங்கேதான் பதில் தயாராகிறதாம். ஆள் நடமாட்டம் கிடையாது. இரவும் பகலும் ஒரு ரீங்காரம் மட்டும். அதன் முதுகில் வரிசையாக இருந்த பெரிய விசிறிகள் தெருப் பக்கமாக வெந்நீர்ச் சட்டியைத் திறந்த மாதிரி அனல் காற்றை ஊதின. காயப்போட்ட துணி சீக்கிரம் உலர்ந்தது. அது ஒன்றுதான் தெருவுக்குக் கிடைத்த லாபம்.

அவ்வளவு பெரிய கட்டடத்துக்குத் தெரு வைத்த பெயர் 'சின்ன வீடு'. வைத்தவர் மாவு மில்காரர்.

"மின்வாரியத்துக்கு நாமெல்லாம் தாலி கட்டுன பொண்டாட்டிடா. வீட்ல இருக்கிறவளுக்குக் கந்தல் புடவை. அங்க பாரு, அது சின்ன வீடு. சம்பாத்தியம் எங்க போகும்? அங்கதான் போகும்," என்பார். பட்டறையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சிரிப்பு நின்றது கட்டண அறிவிப்பு வந்தபோது. சின்ன வீட்டுக்குப் புதிதாகப் போட்ட கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றின் செலவையும் எல்லார் தலையிலும் பிரித்துப் போட்டார்கள். சின்ன வீட்டுக்கு மட்டும் சலுகைக் கட்டணம். ஏன் என்று கேட்டதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். வெயில் காலத்தில் லைன் திணறும்போது, முதலில் தங்கள் இழுவையைக் குறைத்துக்கொள்ள அவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம். அதற்குத்தான் சலுகையாம். இனி சின்ன நுகர்வோருக்குக் கரண்டு கட்டே இருக்காதாம்.

தராசு அதை நிறுத்துப் பார்த்தார். கட்டணம் கூடியது ஒரு தட்டில், கரண்டு போகாது என்பது இன்னொரு தட்டில். மைத்துனனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆமா மாமா, ஆர்டரே வந்துடுச்சு. மொதல்ல அவங்களத்தான் கொறைக்கணும். நம்ம லைன்ல கை வைக்க மாட்டோம்," என்றான் அவன்.

மறுவாரமே தராசு பழைய ஜெனரேட்டரை விற்றுவிட்டார். சும்மா கிடந்து துருப்பிடிப்பானேன் என்றார். குஞ்சக்காவும் சரி என்றுதான் சொன்னாள். தம்பி சொல்லுக்கு மறுசொல் அவளிடம் கிடையாது. அம்மா போனபின் அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அவனுக்கு மூக்கு ஒழுகினால் தன் முந்தானையில் துடைத்து வளர்த்தவள் அவள்.

அந்த மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. விசிறிகள் நின்றன. குஞ்சு அறை நிறைய, கொத்தத் தொடங்கிய முட்டைகள். குஞ்சக்கா ஓடிப்போய்க் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். போன் அடித்தது.

"அக்கா, தொறந்துடாத. அஞ்சு நிமிஷத்துல வந்துடும்."

"நிச்சயமாடா? உள்ள எல்லாம் கொத்திக்கிட்டு இருக்கு."

"நான்தான சொல்றேன். அவங்களக் கொறைக்கச் சொல்லியாச்சு. கொறைச்சதும் உன் லைனப் போட்டுடுவேன்."

அவள் கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன். "இதோக்கா, இதோ, கொறைக்கிறாங்களாம், ஒரே நிமிஷம்." அதற்கப்புறம் அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவன் எடுக்கவில்லை. இதோ, இதோ என்று அவளும் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஓயாத கீச்சுச் சத்தம். அது மெல்ல மெல்லக் குறைந்ததை, குஞ்சுகள் அடங்கித் தூங்குகின்றன என்று நினைத்துக்கொண்டாள். பாதி ஆயுசு இந்த வேலையில் இருந்தவள் அப்படி நினைத்தாள். தம்பி சொல்லிவிட்டான் அல்லவா.

கடைசியில் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த ஆவியை, அவள் சாகிறவரைக்கும் மறக்கமாட்டாள்.

தம்பி மறுநாள் சாயங்காலம் வந்தான். குழியை மூடியாகிவிட்டது. அறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியாகிவிட்டது. நாற்றம் போகவில்லை, பிளீச்சிங் பவுடரோடு கைகோத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயும் வந்திருந்தது. அவன் வாசலிலேயே நின்றான். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாத மாதிரி நின்றான்.

"உள்ள வாயேன். என்னத்துக்கு அங்க நிக்கிற? நாத்தமா?"

"இல்லக்கா…"

"இருக்கும். அது உன்னோடதுதான், வா."

அவன் வந்து சுவரோரம் உட்கார்ந்தான். தராசு அவனுக்கு ஒரு டம்ளர் டீயை நகர்த்தி வைத்தார்.

"மாப்ள, நடந்தத ஒழுங்கா சொல்லு. என்ன ஆச்சு?"

"லோடு தாங்கல மாமா. மேலிருந்து சொன்னாங்க, அஞ்சு நிமிஷத்துக்கு உங்க லைன எடு, அதுக்குள்ள அந்தக் கட்டடத்துக்காரங்க கொறைச்சிடுவாங்க, திருப்பிப் போட்டுடலாம்னு. நான் எடுத்தேன். அவங்க கொறைக்கவே இல்ல. கேட்டா, பரிசீலனையில இருக்குன்றாங்க. நான் மேல கூப்பிட்டா, பொறு பொறுன்றாங்க. பொறு பொறுன்னே பொழுது போயிடுச்சு."

"மொதல்ல அவங்களத்தான் கொறைக்கணும்னு சட்டம்னியே?"

"சட்டம்தான். ஆனா சுவிட்ச் அவங்க கையில இருக்கு மாமா. நாங்க கேக்கலாம், அவங்க செய்யணும். உங்க லைனோட சுவிட்சுதான் என் கையில இருக்கு."

குஞ்சக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னைக்கே எங்கிட்ட அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு எதுக்குடா சொன்ன?"

"எனக்கு அதான் சொன்னாங்க."

"ரெண்டாவது வாட்டி?"

அவன் டீயைக் குடித்தான்.

"ரெண்டாவது வாட்டி போன் பண்ணியே, அப்பவும் அதான் சொன்னாங்களா உனக்கு?"

"அப்ப… அப்ப தெரியலக்கா. தெரியலன்னு சொன்னா நீ பயப்படுவேன்னு…"

தராசு எழுந்து வெளியே போய் ஒரு பீடியைப் பற்றவைத்தார். குஞ்சக்காவுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. சின்ன வயதில் என்றால் அறைந்துவிட்டு, அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். இப்போது அவனைத் தொடவே கை கூசியது.

மில்காரர்தான் விஷயத்தைப் பெரிதாக்கினார். கட்டண ஆணையத்தின் கருத்துக்கேட்பு வந்தது. சின்ன வீட்டின் சலுகையை இன்னும் நீட்டிப்பதா, நிறுத்துவதா என்று முடிவுசெய்கிற கூட்டம். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம்.

"தங்கச்சி, நாங்க போயி மில்லு நின்னுச்சு, மாவு கெட்டுச்சுன்னா கொட்டாவி விடுவாங்க. உன் குஞ்சு செத்தது அப்படி இல்ல. நீ பேசணும். கேட்டும் கொறைக்கலன்னு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கணும். சலுகைய எடுத்துட்டாங்கன்னா, இனிமே கொறைக்கிற சுவிட்ச வாரியமே வச்சிக்கும். இல்லன்னா வர்ற கோடை பூரா நமக்கு இதே கதிதான்."

"பேசுறேண்ணே," என்றாள் அவள். முட்டை அறையில் அடுத்த அடை இருந்தது. அதுவும் இப்படிப் போனால் பொரிப்பகத்தை இழுத்து மூட வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், தராசுக்கும் தெரியும்.

அன்றைக்கே தம்பி மறுபடி வந்தான். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தான்.

"அக்கா, பேசு, வேண்டாங்கல. ஆனா அந்த போன் விஷயம் மட்டும் வாயில வந்துடக் கூடாது."

"எந்த போன்?"

"நான் பண்ணதுதான். டூட்டியில இருந்துக்கிட்டு வெளியாளுக்கு லைன் நிலவரம் சொல்லக் கூடாது. சொன்னா சீட்டக் கிழிச்சிடுவாங்க. நான் இன்னும் நிரந்தரம் ஆகலக்கா."

"போன் இல்லாம எப்படிடா பேசுறது? ஏன் கதவ மூடி வச்சேன்னு கேட்டா என்ன சொல்றது?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. அவங்களுக்குக் கதவப் பத்தி என்ன தெரியும்?"

அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

கூட்டம் நடந்த மண்டபம் ஐஸ் கம்பெனியின் உள்ளறையைவிடக் குளிர்ந்தது. கரண்டு இல்லாமல் சாகிறவர்களின் குறையைக் கேட்க, முழு வேகத்தில் ஏசி. மேடையில் ஆணையத்தின் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு தட்டில் கேக்கும் பிஸ்கட்டும். முன்வரிசையில் சின்ன வீட்டின் அதிகாரி, கழுத்தில் நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்க உட்கார்ந்திருந்தான். வாரியத்தின் பெரிய என்ஜினியர் அவன் காதோரம் குனிந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தது. கடைசி வரிசையில், நாற்காலிகளை நிரப்புவதற்காக வாரியம் கூட்டிவந்து ஆளுக்கொரு கேக்கும் கொடுத்திருந்த ஊழியர்களோடு தம்பி.

நீலப்பட்டைக்காரன் எழுந்து பேசினான். குரல் தேன் மாதிரி ஒழுகியது.

"இந்தப் பகுதி மக்களை எங்க குடும்பமாத்தான் நினைக்கிறோம். மின்வாரியம் கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒத்துழைச்சிருக்கோம். அன்றைய கோரிக்கை எங்க பரிசீலனையில இருந்தது. பரிசீலனை முடியறதுக்குள்ள நெருக்கடி தீர்ந்துபோச்சு."

நெருக்கடி எப்படித் தீர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. என்ஜினியர் எழுந்து, விதியில் இருப்பது வேண்டுகோள்தான், கட்டாயம் என்று எங்கேயும் இல்லை என்றார். தலைவர் தலையாட்டினார். பொரிப்பகம் என்று கூப்பிட்டார்கள்.

குஞ்சக்கா மைக்கின் முன்னால் போய் நின்றாள். முதல் சொல்லே 'சின்ன வீடு' என்று வந்துவிடப் பார்த்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஐயா, எங்களுக்கும் கட்டணத்த ஏத்துனீங்க. கட்டுறோம். அவங்களுக்குக் கொறைச்சீங்க, கஷ்டம் வந்தா மொதல்ல அவங்க கொறைச்சுக்குவாங்கன்னு. கஷ்டம் வந்துச்சு. அவங்க கொறைக்கல. எங்கள நிறுத்துனீங்க. எங்கிட்ட இருந்த குஞ்செல்லாம் வெந்து செத்துச்சு. கேக்குற நேரத்துல கொறைக்காதவங்களுக்கு எதுக்குங்க சலுகை?"

மண்டபத்தில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். மில்காரர் விசிலே அடித்திருப்பார், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கையிலிருந்த பிஸ்கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்கு ஒரு சந்தேகம். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, அவர் இங்கே வருவதற்குமுன் கால்நடைத் துறையில் இருந்தவராம்.

"குஞ்சு வர்ற சமயத்துல கரண்டு போனா குஞ்சு அறைக் கதவைத் திறந்துடணும் இல்லையா? நீங்க ஏன் திறக்கல?"

அவள் பதில் சொல்ல யோசிக்கவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள்.

"அஞ்சு நிமிஷத்துல வந்துடும்னு சொன்னாங்கய்யா."

"யார் சொன்னாங்க?"

அதுவரைக்கும் தூங்கி வழிந்துகொண்டிருந்த மேடை விழித்துக்கொண்டது. உறுப்பினர்கள் இருவரும் பேனாவை எடுத்தார்கள். என்ஜினியர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். சின்ன வீடு குறைக்கவில்லை என்று அவள் சொன்னபோது மேடையில் ஒருத்தர் முகமும் அசையவில்லை. ஒரு தகவல் வெளியே போயிருக்கிறது, சொன்னவன் எவனோ சின்ன ஆள் என்றதும், எல்லாக் கண்ணிலும் பசி வந்துவிட்டது.

"சும்மா சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க. சப்ஸ்டேஷன்லேர்ந்து யாராவது பேசினாங்களா? பேர் சொல்லுங்க," என்றார் என்ஜினியர், அத்தனை அன்பாக.

குஞ்சக்கா கடைசி வரிசையைப் பார்த்தாள். தம்பி அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கேக்குத் துண்டைத் தாளோடு கசக்கிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், குறைக்கச் சொல்லியும் சின்ன வீடு குறைக்கவில்லை என்பதற்கு அவன் ஒரு சாட்சி. ஆனால் அந்தச் சாட்சியம் இவர்களுக்கு வேண்டாம், அவன் தலைதான் வேண்டும் என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. இவர்கள் மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும்போல வந்தது. துப்பவேண்டியவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"யாரும் சொல்லலைங்க. வழக்கமா அப்படித்தானே வரும்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

"அப்ப கதவை மூடி வச்சது உங்க முடிவு."

"ஆமாங்க."

"குறிச்சுக்குங்க," என்றார் தலைவர்.

அவள் வந்து உட்கார்ந்தபோது மில்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். நீலப்பட்டைக்காரன் திரும்பிப் பார்த்து, உங்க வருத்தம் புரியுதும்மா என்று நெஞ்சில் கை வைத்தான். ஆணையத்தின் முடிவு பிறகு வந்தது. சலுகை நீடிக்கும். பொரிப்பகத்து இழப்பு, பராமரிப்பில் ஏற்பட்ட கவனக்குறைவு. எல்லாரும் வாழ்க.

கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்தபோது தம்பி பின்னாலேயே ஓடிவந்தான். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நிம்மதியில் பசித்திருக்கிறது போல, கசக்கிய கேக்கையும் தின்று முடித்திருந்தான். உதட்டோரம் வெள்ளை கிரீம்.

"அக்கா, நீ தெய்வம்க்கா. என்னமா சமாளிச்ச! நான் செத்தேன்னே நெனச்சேன்."

கையைப் பிடிக்க வந்தான். அவள் ஒரு எட்டு பின்னால் போனாள்.

"வாயத் தொடச்சுக்க."

அவன் துடைத்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை அவளுக்கு. இவனைக் காப்பாற்றியதற்காக அவள் வருத்தப்படவில்லை. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். ஆனால் இவ்வளவு சீக்கிரம் இவனுக்குப் பசித்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தன் வாயிலிருந்தும் அந்த நாற்றம்தான் வருகிறதோ என்று வழியெல்லாம் எச்சில் துப்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

தெரு அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. வெல்டிங் பட்டறைக்காரர், அவளைக் கண்டால் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். மில்காரர் அரைத்த மாவை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினார். தட்டுக்காரம்மா மட்டும் நேராகக் கேட்டாள்.

"தம்பியக் காப்பாத்துன, சரி. எங்களையெல்லாம் யாரு காப்பாத்துறது?"

"தெரியலம்மா," என்றாள் குஞ்சக்கா.

அடுத்த அடை குஞ்சு அறைக்கு மாறியது. இரண்டாம் நாளே முட்டைகள் கொத்தத் தொடங்கின. விளக்கடியில் ஓடுகளில் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிசல். உள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டதும், அவள் பல நாள் கழித்து ஒரு வாய் சோறு ருசித்துத் தின்றாள். தராசு அவள் தின்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் பின்பக்கத்துக் கட்டடத்தின் ரீங்காரம் ஒரு கட்டை கூடியது. தெருவுக்கு அனல் அடித்தது. கொஞ்ச நேரத்தில் விசிறிகள் நின்றன.

குஞ்சக்கா கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடினாள். போன் அடித்தது.

"எடு, மாப்ளதான்," என்றார் தராசு பின்னாலேயே ஓடிவந்து. "என்ன சொல்றான்னு கேளு."

அவள் தாழ்ப்பாளை விலக்கினாள்.

"ஏய், அவசரப்படாத. ஈரம் போயிடும். ஒரு நிமிஷம் கேட்டுட்டுத் தொறயேன்."

இரண்டு கையாலும் கதவை விரியத் திறந்தாள். உள்ளே இருந்த மெஷின்களையும் திறந்துவிட்டாள். ஈரக் காற்று புஸ்ஸென்று வெளியே போனது. வெளியிலிருந்து அந்தக் கட்டடம் ஊதிய வறட்டு அனல் உள்ளே வந்தது. மேஜைமேல் போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. தராசு எடுக்கப் போனார். தொடாதீங்க என்று அவள் போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

கரண்டு வந்துவிட்டது. நிஜமாகவே அஞ்சு நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. கதவை மூடி, தண்ணீர் வைத்து, ஈரத்தை ஏற்றுவதற்குள் காயவேண்டியது காய்ந்துவிட்டது. ஏற்கெனவே வெளியே வந்திருந்தவை பிழைத்தன. ஓட்டையில் அலகை நீட்டியிருந்தவைமேல் சவ்வு இறுகிவிட்டது. குஞ்சக்கா வெதுவெதுப்பான தண்ணீரும் துணியுமாகத் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, நனைத்து, ஊறவைத்து, நகத்தால் மெல்ல உரித்தாள். சிலது வந்தது. சிலது தோலோடு வந்தது.

டூட்டி முடிந்து தம்பி நேராக அங்கேதான் வந்தான். கதவருகே நின்று தட்டுகளைப் பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது.

"தொறந்துட்டியாக்கா?"

அவள் நிமிரவில்லை.

"இந்த வாட்டி அவங்க உடனே கொறைச்சிட்டாங்கக்கா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அத்தன வாட்டி அடிச்சேன். எடுத்திருந்தா இதெல்லாம் பொழைச்சிருக்குமே."

"பொழைச்சிருக்கும்."

"அப்புறம் ஏங்க்கா எடுக்கல?"

அவள் கையிலிருந்த குஞ்சின் இறக்கையிலிருந்து கடைசிச் சவ்வை உரித்துப் போட்டாள். அது உள்ளங்கையில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"எடுத்தா நீ சொல்றத நம்பிடுவேன்டா," என்றாள். அடுத்த முட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள்.